நாயோடு நேரத்தையும் வாங்குங்கள்

கேள்வி: குடோன் காவலுக்கு ராட்வெய்லர் வாங்கலாமா, ராஜபாளையமா? – வாசகர், பெரியபாளையம்

பதில்: எதை வாங்கினாலும் கூடவே நேரத்தையும் வாங்க வேண்டும். ராட்வெய்லர் ஜெர்மனியில் மாட்டு மந்தை ஓட்டிய நாய். ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது. இரண்டும் மனிதரோடு சேர்ந்து உழைத்தவை. பகல் முழுக்கத் தகரக் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டால், வேலையில்லாத பலம் கோபமாகத் திரும்பும். ‘கோபம் இருந்தால்தானே காவல்?’ என்பீர்கள். அந்தக் கோபத்துக்குத் திருடனும் ஒன்றுதான், டீ கொண்டுவருபவரும் ஒன்றுதான். 2024 மே மாதம் சென்னைப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை வளர்ப்பு ராட்வெய்லர்களே. இனத்தையே தடை செய்தால்? பழக்கப்படுத்தாத வேறு பெரிய நாய் அந்த இடத்துக்கு வரும். பிறந்த 3 முதல் 12 வாரத்துக்குள் பலரைப் பார்த்துப் பழகிய குட்டியாக வாங்குங்கள். தினம் நடத்திக் கூட்டிப்போக ஆளில்லையா? நல்ல வாட்ச்மேனைப் போடுங்கள்.