சேருக்கு ரோல்ஸ் மூண்டு!

சாப்பிடும் நேரத்தில் கூப்பிட்டால் அந்தத் தம்பிக்குக் காது கேட்காது. கொத்துத் தகட்டின் சத்தம் அப்படி. காசு கட்ட எழும்பினால் மட்டும் தகடு ஓய்ந்துவிடும், தம்பியின் தொண்டையும் திறந்துவிடும். வாசலில், லாச்சிக்குப் பின்னால் இருக்கும் முதலாளிக்குக் கேட்க வேண்டுமே! "சேருக்கு ரோல்ஸ் மூண்டு! உழுந்து வடை ரெண்டு! பிளேன்ரீ ரெண்டு, ரெண்டும் சீனி போட்டது!"

நேற்றுப் பின்னேரம் கல்முனை வீதிக் கடையொன்றில் நடந்தது இது. இன்னும் கோபம் ஆறவில்லை.

சீனி போட்டாலும் போடாவிட்டாலும் அங்கே ஒரே விலைதான். பிறகு அந்தச் சீனியை ஏன் ஊருக்கு அறிவிக்க வேண்டும்? கடையில் இருந்தவர்கள் களுதாவளை, தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடி ஆட்கள். எல்லாரும் எங்கேயோ ஓரிடத்தில் எனக்குச் சொந்தம். முன்மேசையில் என்னிடம் படித்த பொடியன். இப்போது ஆசுப்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக்கில் துண்டு எழுதுகிறான். தலையை ஆட்டினான். மரியாதைக்கு ஆட்டினானா, வேறெதற்காவதா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். பக்கத்து மேசையில் மனைவியின் பெரியம்மா மகன். அவர் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து என்னவோ தட்டினார்.

அதைவிடக் கொடுமை தட்டு எண்ணுவது. ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று நிறைத்துக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். கடைசியில் மிஞ்சியதை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் கழிப்பார்கள். நான் நாற்பது வருடத்துக்கு மேல் கழித்தல் கணக்குப் படிப்பித்தவன். என் கண்முன்னால் கடன் வாங்கிக் கழிக்கிறான் அந்தத் தம்பி. இரண்டு வடை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மிச்சத்தில் ஒன்று குறையும், என் வயிற்றில் ஒன்று கூடும். "அது ரெண்டு, மனே" என்றால், "அப்ப ரோல்ஸ் நாலா சேர்?" என்று முதலாளியைப் பார்த்துக் கேட்பான், என்னை அல்ல.

கொழும்புப் பெரிய ஹோட்டல்களில் பில்லைத் தோல் உறைக்குள் மூடிவைத்துத் தருகிறார்கள். 10 வீதம் சேவைக் கட்டணம். 2024 ஜனவரியில் இருந்து வற் வரியும் 18 வீதம். அநியாயம் என்று முன்பு கத்தியிருக்கிறேன். இப்போது விளங்குகிறது, அந்தப் பத்து வீதம் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கான கூலி. எங்கள் பக்கமும் கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

பற்றுச்சீட்டு கேட்டுப் பார்த்தேன். கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம். முதலாளி போனில் யாருடனோ கதைத்தபடி, பத்திரிகை ஓரத்தைக் கிழித்து மொத்தத்தை மட்டும் எழுதி நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. முறைப்பாட்டு இலக்கம் 1977. அழைத்து என்ன சொல்வது, சீனி போட்டதைச் சத்தமாகச் சொன்னார்கள் என்றா?

ஏ.ரி.எம். தந்த ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். 2011இல் வந்த தாள், நேற்றுத்தான் அச்சடித்ததுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாத்தின காசு இரிக்கா?" காசு மாற்றிக் கொண்டுவரப் பக்கத்துப் பார்மசிக்கு என்னைத்தான் அனுப்பினார். சாப்பிட்டவன் நான், கடையின் வேலையாளும் நான்.

திரும்பி வந்தால் மிச்சத்துக்கு இருபது ரூபாய் இல்லை. டொபிப் போத்தலைத் திறந்தார். "சீனி வருத்தம்" என்றேன், மெதுவாக.

"அப்ப வெத்திலை எடுங்க சேர். நல்ல களுதாவளை வெத்திலை."

அந்த வெற்றிலை என் மச்சானின் கொடியில் இருந்து அன்று காலை போனது. அவனுக்கு என்ன விலை கொடுத்தார் என்பதும் எனக்குத் தெரியும்.