காகித பக்தர்

சிவகாசியிலிருந்து கூரியரில் வந்த பார்சலைப் பிரிக்குமுன் கைகால் அலம்பிக்கொள்ளும் மனிதர் எவரையேனும் தாங்கள் சந்திக்க நேர்ந்தால், அவர் பட்டாசு வியாபாரி அல்லர், காமிக்ஸ் சேகரிப்பவர் என்று தாராளமாக ஊகித்துக்கொள்ளலாம். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யையும், 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸின் ஆரம்ப இதழ்களையும் பாலித்தீன் உறைகளிலிட்டு, இராமபாணப் பூச்சிக்கும் உறவினருக்கும் எட்டாதபடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டிருக்கும் அந்தப் புண்ணியவான், வீட்டுப் பத்திரத்தைப் பரண்மேல் எங்கோ போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்.

புதிய இதழ் கைக்கு வந்தவுடன் அவர் அதைப் படிப்பதில்லை, முகர்கிறார். கண்களை மூடி, மூக்கை நடுப்பக்கத்தில் பொருத்தி, ஒரு தீர்க்க சுவாசம். பிறகு, “ஆர்ட் பேப்பர் பார்வைக்கு லட்சணமாய்த்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்துச் சாணிப் பேப்பரின் வாசனை வருமா?” என்று பெருமூச்சு விடுவார். முதுகு ஒடிந்துவிடும் என்ற பீதியினால் புத்தகத்தை முழுதும் விரிக்காமல், கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பவரைப் போல ஒற்றைக் கண்ணால் அவர் கதை படிக்கும் காட்சி, எந்தக் கதையையும்விட சுவாரஸ்யமானது.

கைபேசியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டப்படும் சித்திரங்களையும், கொரியாவில் தோன்றி இன்று உலகெங்கும் பரவி, கட்டைவிரலால் தள்ளத் தள்ள முடிவின்றி ஓடும் வெப்டூன்களையும் அவர் காமிக்ஸ் என்றே அங்கீகரிப்பதில்லை. “பக்கம் என்று ஒன்று இருக்க வேண்டாமா?” என்பது அவர் வாதம். இதில் நியாயம் இல்லாமலில்லை. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவைத் தட்ட வைத்து, தாளைப் புரட்டிய பிறகே வாசலில் நிற்பவன் யார் என்று காட்டும் தந்திரம், தாளின் அளவறிந்து ஓவியன் செய்யும் ஏற்பாடு. கட்டங்களைத் தனித்தனியே பிய்த்துக் காட்டும் கருவிக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால், மலையுச்சியிலிருந்து விழுகிறவனை வாசகனின் கட்டைவிரல் வலிக்குமட்டும் விழவைத்துக்கொண்டே இருக்கும் வசதி வெப்டூனுக்குத்தான் உண்டு என்று நான் சொன்னபோது, அவர் பேச்சைத் தக்காளி விலைக்கு மாற்றிவிட்டார்.

படங்களை அசைய வைத்து, குரலும் கொடுத்துவிட்டால் அவர் கோபம் எல்லை கடந்துவிடும். அவருடைய மாயாவிக்கு ஏற்கெனவே ஒரு குரல் இருக்கிறது: சிறுவயதில் அவரை பெஞ்சின்மேல் ஏற்றிய தலைமையாசிரியரின் குரல். அதை மாற்ற எவனுக்கு அதிகாரம்? ‘வாட்ச்மென்’ என்ற காமிக்ஸ் கதையை 2008-இல் அசையும் சித்திரமாக்கியபோது ஒரே ஆடவர், பெண் பாத்திரங்களுக்கும் சேர்த்து, சகலருக்கும் குரல் கொடுத்தார் என்ற செய்தியை எங்கோ கேட்டறிந்து, “தெருக்கூத்தில்கூட ஸ்திரீபார்ட்டுக்குத் தனி ஆள் உண்டே ஐயா!” என்று ஒரு வாரகாலம் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அவருடைய சகோதரியின் மகன் லீவுக்கு வந்திருந்தான். டேப்லெட்டும் கையுமாகத் திரியும் பிள்ளை. “மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவார், இரும்புக்கையாவது மிஞ்சும், உன் கருவியிலே மின்சாரம் தீர்ந்தால் கதையே மறைந்துபோகிறதடா!” என்று தொடங்கி, காகிதத்தின் மகிமையை ஒரு மணி நேரம் உபதேசித்தார். பையன் நல்ல பிள்ளை. மனம் மாறியே போனான்.

“அப்படியானால் அந்த முதல் புத்தகத்தைக் கொடுங்கள் மாமா, படித்துவிட்டுத் தருகிறேன்.”

மாமாவின் கை சாவியைப் பற்றிக்கொண்டது.

“எதற்கப்பா? அதுதான் உன் டேப்லெட்டிலே பளபளவென்று தெரியுமே! எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண்ணுக்கும் நல்லது. காலத்துக்குத் தக்கபடி நாமும் மாற வேண்டாமா?”