கேம்ப் சீனியர்

‘ஹேக்கில்’ என்னும் சிவப்பு இறகுக் குஞ்சம் குத்திய தொப்பி வலப்பக்கம் கச்சிதமாகச் சரிந்திருக்கும். பெல்ட்டின் பித்தளையில் பிராஸோ போட்டுத் தேய்த்த தேய்ப்பில் எதிரே நிற்பவர் மீசையைச் சரிசெய்துகொள்ளலாம். தேசிய மாணவர் படையின் வருடாந்தர முகாமுக்கு வந்திறங்கும் சீனியர் அண்டர் ஆபீசர் இவன்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, அரியர் இரண்டு. நடையைப் பார்த்தால் விடிந்ததும் எல்லைக்குப் புறப்படுகிறவன் என்று தோன்றும். கேடட் யாரும் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவரல்ல என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அதை அவனிடம் யாரும் காட்டவில்லை.

முகாம் பத்து நாள். முதல் நாள் அவன் அடிவயிற்றிலிருந்து எழுப்பும் “சாவ்தான்!” சத்தத்தில் மரத்துக் காக்கை பறக்கும். எட்டாம் வகுப்புப் பொடியன்கள் மட்டும் பறக்கமாட்டார்கள். காது குடைந்துகொண்டு நிற்பார்கள். “பீச்சே முட்” என்றால் பாதிப் பேர் திரும்புவார்கள், மீதிப் பேர் திரும்பியவர்களை வேடிக்கை பார்ப்பார்கள். “என்னை சார்னு கூப்பிடணும், புரியுதா?” என்பான். “சரிண்ணே!” என்று கூட்டம் ஒரே குரலில் கத்தும். அன்று ஒழுங்காக நடந்த ஒரே டிரில் அதுதான்.

ஆணையிடப் பிறந்தவன் என்று நினைத்து வந்தவனுக்கு உண்மையில் கொடுக்கப்படும் வேலை எண்ணுவது. விடிகாலை ஃபாலினில் தலையை எண்ண வேண்டும். மெஸ்ஸில் தட்டை எண்ண வேண்டும். இரவு ரோல்காலில் மறுபடி தலை. பயிற்சி தரும் ஹவில்தார் உஸ்தாத் நாளெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: “சீனியர், கித்னா?” இவன் நெஞ்சை நிமிர்த்தி ஓர் எண்ணைச் சொல்வான். அதில் எப்போதும் இரண்டு குறையும். உஸ்தாத் ஒன்றும் பேசாமல் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அந்த இரண்டையும் காதைப் பிடித்து அழைத்து வருவார். ஒருவன் கையில் கக்கூஸ் வரிசைக்கான வாளி. இன்னொருவன் கையில் யாரோ கொடுத்த போன், மறுமுனையில் அம்மா.

துப்பாக்கி சுடும் நாள்தான் அவன் கனவு கண்ட நாள். .22 ரைபிள், 25 மீட்டர் தூரத்தில் இலக்கு. தானும் படுத்துச் சுடலாம், போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்று பார்த்தால், சுட்டு முடித்த காலித் தோட்டாக்களையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஒன்று குறைந்தது. அவ்வளவுதான், மொத்த அணியும் முட்டிபோட்டுப் புல்லைக் கோதியது. தலைமை தாங்கிக் கோதியவன் நம் சீனியர். கடைசியில் அது ஒரு பொடியனின் சட்டைப்பையில் கிடைத்தது. “தங்கச்சிக்குக் காட்டலாம்னு எடுத்தேண்ணே.”

நான்காம் நாள் தொண்டை கட்டிவிடும். எனக்கு இந்தச் சீனியர்கள் மேல் மரியாதை வருவது அதற்குப் பிறகுதான். கத்த முடியாததால் ஒவ்வொருவனிடமும் கிட்டே போய்த்தான் சொல்லியாக வேண்டும். கிட்டே போனால்தான் ஒருவன் பூட்ஸ் ஒரு சைஸ் சின்னது, குதிகாலில் கொப்புளம், அதனால்தான் மூன்று நாளாகக் கால் தப்பியது என்று தெரியும். முதல் நாள் அதே பையனை மைதானம் சுற்றி ஓடவிட்டது இவன்தான். இரவு பத்து மணிக்கு “அண்ணே, வயித்த வலிக்குது” என்று வருகிறவனுக்கு மாத்திரை வேண்டாம் என்பதும் அப்போதுதான் பிடிபடும். பக்கத்தில் உட்காரவைத்து, “உங்க வீட்ல ஞாயித்துக்கிழமை என்ன குழம்பு?” என்று கேட்டால் போதும். கோழி, மீன், அப்பளம் என்று போய், சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவான். சீனியருக்குத்தான் பசி எடுத்துவிடும்.

பிறகு ‘சி’ சான்றிதழ்த் தேர்வு. ‘தலைமைப் பண்புகள் ஐந்தினை விளக்குக’ என்று ஒரு கேள்வி. துணிவு, முன்முயற்சி, முடிவெடுக்கும் திறன் என்று கைப்புத்தகத்தில் உள்ளபடி மளமளவென்று எழுதுவான். வாளி, கொப்புளம், குழம்பு பற்றி மூச்சுவிடமாட்டான். அதற்கெல்லாம் மார்க் கிடையாது என்பது அரியர் வைத்தவனுக்குத் தெரியாதா?