வண்டி சூடாகிறது

அமெரிக்கக் காடுகளில் டென்ட் போட்டுத் தூங்குகிறவர்கள் பொதுவாகக் கரடிக்குப் பயப்படுவார்கள். எனக்குக் கரடி மேல் பெரிய புகார் கிடையாது. சாப்பாட்டை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். பக்கத்து இடத்தில் டிரெய்லரை இழுத்து வந்து இறங்கும் டீசல் பிக்கப்காரர் அப்படிப் போக மாட்டார். அவர் போவதற்கு முன்னால் வண்டி சூடாக வேண்டும்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஜெனரேட்டருக்குத் தனி அட்டவணை: காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. கையில் தூக்கிக்கொண்டு போகிற ஜெனரேட்டருக்கே இத்தனை கெடுபிடி. அதைவிடப் பல மடங்கு பெரிய இன்ஜினுக்கு நாலு சக்கரம் மாட்டிவிட்டால் அதற்கு வண்டி என்று பெயர் வந்துவிடுகிறது. அட்டவணை அதைத் தொடாது. தேசியப் பூங்காக்களுக்கான மத்திய அரசு விதி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. வண்டியோ ரேடியோவோ, 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. என் டென்ட் 20 அடியில் இருந்தது. அந்த 20 அடிக்குள் படுத்திருப்பவன் கதி என்ன என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

அக்டோபர் கடைசி. யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் நல்ல குளிர். பக்கத்து மனிதர் ஐந்தரைக்கே எழுந்து, காபி குடித்து, வண்டிக் கதவருகே சாவியோடு நின்றுவிட்டார். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் முடியட்டும் என்று வாசற்படியில் பெட்டியோடு நிற்கும் என் பெரியப்பாவின் முகத்தில்தான் அந்தப் பொறுமையைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தை மதிக்கிறவர். 5:59க்குச் சாவியைத் திருப்ப அவருக்கு மனசு வரவில்லை. மணி 6. டக டக டக டக.

இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் மனிதர் கீழே இறங்கினார். இறங்கிய பிறகுதான் தனக்கு ஒரு டிரெய்லர் இருப்பதே அவருக்கு ஞாபகம் வந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுத்தார். நாலு மூலை ஜாக்கிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஏற்றினார், ஒவ்வொன்றும் கிரீச்சென்றது. சங்கிலி மாட்டினார். ஒயரைச் செருகினார். பின்னால் நின்ற மனைவியிடம் லெஃப்ட் இண்டிகேட்டர் எரிகிறதா, ரைட் எரிகிறதா, பிரேக் லைட் எரிகிறதா என்று கேட்டார். இதையெல்லாம் மெதுவாகவே கேட்டிருக்கலாம், இன்ஜின் ஓடாமல் இருந்திருந்தால். பிறகு மடக்கு நாற்காலிகள். பிறகு நாய். கடைசியாகக் கரடிப் பெட்டி. அதன் இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் மூடத் தெரிந்தவர் இன்னும் பிறக்கவில்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை நசுக்கு நசுக்கு என்று நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிற ஏற்பாடு. இன்ஜின் குளிர்ந்திருந்தால் எண்ணெய் உடனே பற்றாது. கொஞ்சம் தயங்கும், அதற்குள் இன்னும் எண்ணெய் வந்து சேரும், பிறகு எல்லாம் ஒன்றாகப் பற்றும். அந்த இடிதான் டக டக. ஆக, இந்த இன்ஜின் கூடுதலாகச் சத்தம் போடுகிற நேரமும் ஊர் தூங்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. புது மாடல்களில் முதலில் துளி எண்ணெயை மட்டும் விட்டுச் சமாதானப்படுத்திவிட்டு மீதியை விடுகிறார்கள், சத்தம் குறைகிறது. நம் ஆள் வைத்திருந்தது தொண்ணூறுகளின் வண்டி. இந்த வகை இன்ஜினை 1897இல் ஓட்டிக் காட்டிய ருடால்ஃப் டீசல், 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. அவராவது சத்தம் போடாமல் கிளம்பினார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நிறுத்தி வைத்து ஓடவிட்டால் டீசல் இன்ஜின் லேசில் சூடாகாது. சும்மா ஓடும்போது அது குடிக்கிற எண்ணெயே கொஞ்சம். கிடைக்கிற சூடும் அவ்வளவுதான். சூடு காட்டும் முள் எழுந்திருக்கவே யோசிக்கும். ஒரு நிமிடம், போனால் இரண்டு நிமிடம் விட்டு, மிதிக்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் வழியில் தானே சூடாகிவிடும். ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவன் பக்கம் மைனஸ் 30இல் வண்டி வைத்திருப்பவர்கள் கதை வேறு. அங்கே இன்ஜினுக்குள்ளேயே ஹீட்டர் இருக்கும். கிரில் வழியாக அதன் பிளக் வெளியே எட்டிப் பார்க்கும். ராத்திரி கரண்டில் செருகிவிட்டால் காலையில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். தனியார் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றிலும் இடத்துக்கு இடம் கரண்ட் கம்பம் உண்டு. யோசெமிட்டியில் அந்த வசதி இல்லை; அவ்வளவு குளிரும் அன்றைக்கு இல்லை.

மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பு. நான் சொல்ல விரும்பியது இந்த ஒன்றைத்தான். வசதிப்பட்டால் டிரெய்லரை முந்தின நாள் சாயங்காலமே மாட்டிவிடு. ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த காரியம் புறப்படுவதாக இருக்கட்டும்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்து.

போனேன். இன்ஜின் பக்கத்தில் நின்று கேம்ப் நாகரிகத்தைப் பற்றிப் பேச முடியாது என்பது போன பிறகுதான் தெரிந்தது. "சார், இன்ஜின்..." என்று கத்தினேன். அவர் காதில் கையை வைத்தார். மறுபடி "இன்ஜின்!" என்று கத்தி விரலால் காட்டினேன். மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினார். இத்தனை நேரம் மூடிக்குள் இருந்த சத்தம் முழுசாக வெளியே வந்தது. அதைத் தொட்டுத் தொட்டு அவர் விளக்க, நான் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையோடு நின்று தலையாட்டினேன். சைலன்சரை மாற்றிவிட்டதாகச் சொன்னார் என்று நினைக்கிறேன், எடுத்தேவிட்டதாகக்கூட இருக்கலாம். போகும்போது, மிச்சமிருந்த விறகுக் கட்டை என் கையில் கொடுத்தார். கிளம்புகிறவர் மிச்ச விறகைப் பக்கத்து இடத்துக்குக் கொடுப்பது இங்கே பழக்கம். கை நிறைய விறகை வாங்கிக்கொண்டு யாரைத் திட்டுவது?

"சொன்னீங்களா?"

"விறகு கொடுத்தார்."

எலெக்ட்ரிக் டிரக் வந்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நம்பியிருந்தேன். சான் ஹோசே நண்பர் ஒருவர் வாங்கியும்விட்டார். மெதுவாகப் போகும்போது நடக்கிறவர்களுக்குக் கேட்கும்படி ஏதாவது ஒலி எழுப்பியாக வேண்டும் என்று அதற்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் லேசான முனகல்தான், குறை சொல்ல முடியாது. அடுத்த பயணத்தில் காலையில் டிரெய்லரை மாட்ட அவர் ரிவர்ஸ் எடுத்தார். சூடாக்க வேண்டியதில்லை, புகை இல்லை, டக டக இல்லை. வழி சொல்லப் பின்னால் போய் நின்றவர், திருச்சியிலிருந்து வந்திருந்த அவருடைய மைத்துனர்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க மாமா, லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் ஒடிங்க... நேரா விடுங்க... வரட்டும்... ஹோல்டான்! மாமா, ஹோல்டான்! ஹோல்டான்!"

டிரக்கின் முதுகில் இரண்டு தட்டு. மூன்றாவது ஹோல்டான் ஹாஃப் டோம் பாறை வரை போய்த் திரும்பி வந்தது. அப்போது மணி 6:05. அட்டவணைப்படி யாரும் எதுவும் கேட்க முடியாது.