ஃபார்முலா விகாரம்: மீஞ்சூர் இறால் கணக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பழவேற்காட்டு இறாலும் நண்டும் மீஞ்சூரில் எடைபோடப்பட்டு, எக்செல் தாளில் ஏறி, மாலைக்குள் தவறான தொகையாவது எப்படி? அறிஞர்கள் இதில் மூன்று கட்சி. ‘அதுவா மாறிடுச்சு’ என்போர் முதற்கட்சி. ‘தம்பி கை வெச்சிருப்பான்’ என்போர் இரண்டாம் கட்சி. ‘வைரஸ்’ என்போர் மூன்றாம் கட்சி. இவர்களை மறுக்கத் தாள் வீணாக்க வேண்டாம்.

புணர்ச்சி விகாரத்தை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என வகுத்தார். ஃபார்முலாவுக்கும் அதுவே போதும்.

திரிதலே பெரும்பகை. எச்1 கட்டத்தில் கிலோ விலை. டி நிரலில் எடை. இரண்டாம் வரிசையில் ‘=டி2*எச்1’ என்று எழுதிக் கீழே இழுக்கிறோம். மூன்றாம் வரிசையில் அது ‘=டி3*எச்2’ ஆகிறது. எச்2 காலி, ஆகவே தொகை சுழியம். நான்காம் வரிசை எச்3-ஐத் தேடிப் போகிறது. அங்கே ஐஸ் வண்டிக்காரரின் கைபேசி எண்ணை யாரோ குறித்துவைத்திருக்கிறார்கள். எண் 98-இல் தொடங்கினால் நான்கு கிலோ நண்டுக்கு ரூ.3,900 கோடிக்கு மேல் பட்டுவாடா செய்ய வேண்டிவரும். நண்டு அவ்வளவு விலை போவதில்லை, பொங்கலுக்குக்கூட.

பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. வலை கட்டும் இடம் அசையாது. ஆட்கள்தான் முறைவைத்து மாறுவார்கள். எக்செலோ ஆள் நகர்ந்தால் இடத்தையும் நகர்த்துகிறது. ஃபார்முலாவுக்குள் இருக்கும் எச்1-இல் கர்சரை வைத்து எஃப்4-ஐ அழுத்தினால் ‘$எச்$1’ ஆகும்; பிறகு அது அசையாது.

கெடுதல் எளிது. அவசரத்தில் ஃபார்முலாவின் மேலேயே 1,200 என்று அடித்துவிடுகிறோம். அன்றைக்குக் கணக்கு சரி. மறுநாள் விலை மாறும், அந்தக் கட்டம் மட்டும் மாறாது.

தோன்றல், கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே புது வரிசை முளைப்பது. எக்செல் சிலநேரம் தானே கூட்டல் எல்லையை நீட்டும், சிலநேரம் நீட்டாது. முதற்கட்சியின் வாதத்தில் உண்மை இருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

எல்லை விடுபடுவது மீஞ்சூருக்கே உரிய நோயன்று. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் அரசுக் கடன் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வின் தாளில், சராசரி 49-ஆம் வரிசைவரை போகாமல் 44-இல் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. சிக்கன நடவடிக்கைக்கு அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டிய ஆய்வு அது. 2013-இல் பிழையைக் கண்டவர் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர். இரண்டாம் கட்சியினர் கவனிக்க: அங்கே தம்பிதான் கண்டுபிடித்தான்.

பரிகாரம். கன்ட்ரோலோடு, எண் 1-க்கு இடப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். கட்டங்களில் தொகைக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். மேலிருந்து கீழ் ஓட்டிப் பார்த்தால், கெட்ட கட்டத்தில் வெறும் எண் நிற்கும், திரிந்ததில் எச்-இன் எண் ஏறிக்கொண்டே போகும். எல்லாம் சரியாக இருந்தும் தொகை பழையதாகவே நின்றால், கணக்கிடும் முறை ‘மேனுவல்’ ஆகியிருக்கும். எஃப்9 தட்டினால் விழிக்கும்.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தம்பியைத் திட்டுமுன் எச்3-ஐப் பாருங்கள். ஐஸ் வண்டிக்காரரின் எண்ணைச் சுவரில் எழுதுங்கள்.