குளிராத ஊருக்கு ஒரு போர்வை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள அம்மாயிக்கு,

(அம்மா, இதைச் சத்தமாக வாசித்துக் காட்டவும். நடுவில் எதையும் விழுங்க வேண்டாம்.)

மாமாவிடம் கொடுத்தனுப்பிய பழஞ்சேலைப் போர்வை வந்து சேர்ந்தது. திருச்சி விமான நிலையத்தில் எடை மிஞ்சிப்போய், மாமா தன் வேட்டி சட்டைகளை வழியனுப்ப வந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போர்வையைக் காப்பாற்றியிருக்கிறார். இறங்கிய அன்றைக்கே துன் சம்பந்தன் சாலைக்குப் போய் அவருக்குக் கைலி வாங்கினோம். அந்தச் செலவு உங்க கணக்கில்.

“அங்க குளிருக்கு என்ன பண்றே சாமி?” என்று கேட்டீங்களாம். அம்மாயி, நான் இருப்பது லண்டனில் இல்லீங்க. இந்த ஊருக்கு மார்கழியும் சித்திரையும் காலண்டரில் மட்டும்தான். வருஷம் பூராவும் பகலில் 32, 33 டிகிரி. ராத்திரியிலும் 24ஐ ஒட்டித்தான். நாலு அடுக்குச் சேலையைப் போர்த்திப் படுத்தால் விடியும்போது என்னை இட்லித் தட்டிலிருந்து எடுப்பதுபோலத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் இவர்கள் வெயிலை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு மார்கழியைக் காசு கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆபீஸ், ரயில், சினிமாக் கொட்டகை எல்லா இடத்திலும் ஏசி உறைய வைக்கிறது. அதைக் குறைத்து வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது, ஸ்வெட்டர் வாங்குவார்கள். நான் போர்வையை ஆபீசுக்கு எடுத்துப்போய் மடியில் விரித்துக்கொண்டேன். அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலி மலாய்ப் பெண் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் கேட்டாள். இந்த மாம்பழக் கலர்? என் அம்மா கர்ப்பமாக இருந்தபோது கட்டிய சின்னாளபட்டி. இந்தக் கட்டம்? தாத்தாவின் லுங்கி. “தாத்தா இருக்கிறாரா?” என்றாள். இல்லை என்றதும் கையை எடுத்துக்கொண்டாள், அவர் மேலேயே கை வைத்துவிட்டதுபோல.

துவைப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீங்க. இங்கே சாயங்காலமானால் இடி மழை. துணி காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை போர்வையை மடித்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். பெண்களுக்கென்று 2010 முதல் தனிப் பெட்டி விட்டிருக்கிறார்கள், அதிலும் குளிர். கிள்ளான் தெங்கு கிளானா சாலை நம்ம ஜவுளிக்கடைகளால் ஆனது. அந்தப் பக்கம் ரவிக்கை தைக்கும் ஒரு அக்கா எனக்குப் பழக்கம். எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் இவர்கள் குடும்பமும் கிள்ளானுக்கு வந்துவிட்டது. ரவிக்கை வெட்டி மிஞ்சும் பட்டு, பழைய பாத்தேக் சாரோங் எதையும் அவர் எறிவதில்லை. எல்லாம் போர்வையாகிவிடும்: பேரன் பேத்திக்கு ஆளுக்கொன்று, மகளுக்குக் கல்யாணச் சீரோடு ஒன்று, பிரசவத்தின்போது கூட நின்ற சீனத்து அண்டை வீட்டம்மாவுக்கு ஒன்று.

உங்க ஓட்டுத் தையலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “கை தெரியுதுலா” என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

“இந்த வெக்கையில இதை யார்க்கா போத்துவாங்க?” என்றேன். “போத்தவா குடுக்கறேன்?” என்று ஊசியில் நூல் கோத்தார்.

இந்த ஊரில் தீபாவளி என்றாலும் கல்யாணம் என்றாலும் பணம் வைத்த அங்பாவ் உறைதான். உள்ளே எத்தனை வெள்ளி என்று எண்ணி, அடுத்த வருஷம் அதையே திருப்பிவிடலாம். நம்ம மொய் நோட்டும் அதே ஜாதி. ஆனால் போர்வையை மொய் நோட்டில் எப்படி எழுதுவது? அதைத் திருப்பிச் செய்ய எங்கே போவது? அதனால்தான் வாங்கியவர்கள் பயந்துபோய்ப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள்.

ஒரு கதை கேளுங்க. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் தனியாக அடைபட்டிருந்தார்கள், பேச வழியில்லை. எத்தல் மல்வேனி என்ற கனடாக்காரம்மா ஆளுக்கொரு சதுரத் துணி கொடுத்து, மனசில் இருப்பதையும் தன் பேரையும் தைக்கச் சொன்னார். 66 சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை, அப்படிச் சில. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு என்று சொல்லி அனுமதி வாங்கினார். ஒன்று ஜப்பானியச் சிப்பாய்களுக்கே என்றார். கெட்டிக்காரி! ஆண்கள் அதில் பேரைத் தேடினார்கள். இருந்தால் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள். அவற்றில் இரண்டு இன்னும் ஆஸ்திரேலியாவில் கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கின்றன. அதே சிறையில் சாரணச் சிறுமிகளும் கந்தைகளை அறுகோணமாக வெட்டி, தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்கு ரகசியமாக ஒன்று தைத்தார்கள். சாங்கியும் குளிராத ஊர்தான் அம்மாயி.

அதே வருஷங்களில் நம்ம தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கில் திரும்பவில்லை. அவர்கள் பேரை யாரும் துணியில் தைக்கவில்லை. கிள்ளான் அக்காவின் பாட்டி அப்போது கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தாராம். அக்கா ஏன் ஒரு துண்டுத் துணியையும் எறிவதில்லை என்று அப்புறம்தான் விளங்கியது.

உங்க போர்வையில் எல்லார் சேலையும் இருக்கிறது, உங்க பேர் இல்லை. பள்ளிக்கூடம் போகவில்லை என்று சாக்குச் சொல்லாதீங்க. அம்மா பென்சிலில் எழுதித் தருவார், அதன் மேல் நூலை ஓட்டுங்க. சிவப்பு நூல்.

இன்னொன்று. அந்த மலாய்ப் பெண் மாசமாக இருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்று வேண்டுமாம், விலை கேட்டாள். விலை இல்லை என்றேன். சும்மா எப்படி வாங்குவது என்று அவள் அம்மா கையால் கிண்டிய டோடோல் ஒரு டப்பா கொடுத்திருக்கிறாள், மாமா கொண்டுவருவார். தேங்காய்ப் பாலும் வெல்லமும், அல்வாவுக்கு அண்ணன். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுங்க, ஒட்டினால் வராது.

உங்க பேத்தி