டெக்கு டிக்கெட்டும் பால்கனி அறையும்

கடலில் ஒரு வாரம் போவதென்றால் எங்கள் காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கணக்கெழுதும் வேலை, மாமாவுக்குப் பினாங்கில் மளிகைக் கடை, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஊரைச் சுற்றிக் கடன். காரணமே இல்லாமல் கப்பலேறிக் கொஞ்ச நாள் மிதந்துவிட்டு வந்தேன் என்று நாகப்பட்டினம் கடைத்தெருவில் யாராவது சொல்லியிருந்தால், நாகூருக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத்தான் வீட்டில் விட்டிருப்பார்கள். இப்போது நானே அப்படி மிதந்துவிட்டு வந்திருக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் பிடிவாதமாக டிக்கெட் எடுத்து, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏற்றி, கரீபியன் தீவுகளை வளைய வரச் செய்து, ஒரு வாரம் கழித்து அதே சான் ஹுவானில் இறக்கினார்கள். ஏறின இடத்திலேயே இறங்குவதற்கு இத்தனை எண்ணெயா என்று நான் கேட்கவில்லை; பேரனுக்கு முன்னால் மானம் முக்கியம்.

எனக்குத் தெரிந்த கப்பல் ரஜூலா. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னையில் புறப்பட்டு, நாகை தொட்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக்கு பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததாம். 1960-களில் நாங்கள் ஏறியபோது அத்தனை பேர் இல்லை என்றாலும், நீட்டிப் படுத்த காலை மடக்கினால் திரும்ப நீட்ட இடமிருக்காது. நாகையில் அது கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், நாம் படகில் போக வேண்டும், அலையில் படகு மேலே எழும்பும் அந்த ஒரு நொடியைப் பார்த்து ஏணியில் காலை வைக்க வேண்டும், வைத்தபின் கீழே பார்க்கக் கூடாது. அம்மை குத்தின புண் கையில் காயாமல் இருக்கும், அதற்கான அத்தாட்சித் தாள் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும், ஆசையாக இடுப்பில் செருகியிருந்த பம்பரம் மட்டும் எப்படியோ கடலுக்குப் போய்விடும்.

ஏறியதும் முதல் வேலை இடம் பிடிப்பது. கித்தான் பந்தலுக்குக் கீழே, காற்று வருகிற, ஆனால் மழைச் சாரல் வராத, கழிப்பறைக்குப் பக்கத்தில் இல்லாத, ஆனால் ரொம்பத் தூரமும் இல்லாத ஓர் இடத்தை, அடிக்கடி கடல் கடந்து போய்வந்து அனுபவப்பட்ட சபுராளிகள் கண்ணாலேயே அளந்து, ஜமுக்காளத்தை உதறி விரித்துவிடுவார்கள். அக்கா பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள். பின்னாலேயே தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நான்.

இன்றைய கப்பலில் விடியற்காலை ஆறு மணிக்கு மேல்தளத்துக்குப் போனேன். ஒரு மனிதரும் இல்லை. ஆனால் நீச்சல்குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலிகளில் பாதிக்கு மேல் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு செருப்போ புத்தகமோ வைத்திருந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் துண்டு கிடந்தால் எடுத்துவிடுவோம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பல ஆயிரம் டாலர் கொடுத்து, இரண்டு குளியலறை வைத்த அறையில் தூங்குகிறவர்களும் கடைசியில் ஜமுக்காளம்தான் விரிக்கிறார்கள். ஒரே வித்தியாசம், நாங்கள் வெயிலுக்கு ஒதுங்க இடம் பிடித்தோம், இவர்கள் வெயிலில் வேக இடம் பிடிக்கிறார்கள். டெக்கில் கிடந்து கருத்துப்போய் இறங்கியவனைப் பார்த்து அன்று பரிதாபப்பட்டார்கள்; இன்று அந்த நிறத்துக்கு எண்ணெய் தடவுகிறார்கள்.

ரஜூலாவில் எங்கள் தலைக்கு மேலே முதல் வகுப்புத் தளம் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரர் நாள் முழுக்கச் சாய்வு நாற்காலியில் கிடப்பார், புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துத் தூங்குவார், விழித்ததும் யாரோ கோப்பை கொண்டுவருவார்கள். கழுத்து வலிக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அரைக்கால் சட்டைப் பையன், பெரியவனானால் நானும் இப்படி ஒன்றுமே செய்யாமல் கப்பலில் போவேன் என்று சங்கல்பம் செய்துகொண்டான். எழுபது வயதுக்கு மேல் அது பலித்தது. பால்கனி வைத்த அறை, நாற்காலி, மார்பில் புத்தகம், எல்லாம் கிடைத்தன. ஆனால் கடல் எங்கோ பத்து மாடிக்குக் கீழே கிடந்தது, அதன் உப்பு வாடைகூட மேலே ஏறி வரவில்லை. கப்பலுக்கு அடியில் இரு பக்கமும் துடுப்புபோல் எதையோ நீட்டி ஆட்டத்தையும் அடக்கிவிடுகிறார்கள். ரஜூலாவில் தலை சுற்றும்போது நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் அதக்கிக்கொண்டு அடிவானத்தையே பார் என்பார்கள். அதனால் நாங்கள் கடலைப் பார்த்தோம். இங்கே கடலைப் பார்க்க ஒருவருக்கும் ஒரு நிர்ப்பந்தமும் இல்லை. நடுக்கடலில் நீச்சல்குளம், வெப்பமண்டலத்தின் மத்தியில் பனிச்சறுக்கு அரங்கம் (இந்தக் கூத்து 1999-லேயே ஒரு கப்பலில் தொடங்கிவிட்டதாம்), இரவெல்லாம் சூதாட்டக் கூடம். இன்று என்ன கிழமை என்பதை லிஃப்டின் தரைவிரிப்பில் எழுதி, தினமும் மாற்றிப் போடுகிறார்கள். அதுவும் தேவைதான். இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே போகிறவனுக்குத்தான் கிழமை மறக்காது.

சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூடத்தின் வாசலில் ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டே கையில் கிருமிநாசினி பீய்ச்சுகிறார்; உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. அங்கே பரிமாறிய தூத்துக்குடிப் பையன் என் பேச்சைக் கேட்டதும், "சார், நாளைக்கு உங்களுக்குத் தனியா ரசம் வெச்சுத் தரச் சொல்றேன்" என்றான். கப்பலில் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் காரணத்தோடு ஏறியவன் அவன்தான், தங்கை கல்யாணம். ஒரு வாரத்தில் எனக்கு வாய்த்த சிநேகமும் அவன் ஒருவன்தான். ரஜூலாவில் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தால் நாலு குடும்பம் கூடிவிடும், இறங்குவதற்குள் ஒரு சம்பந்தமாவது பேசி முடித்திருப்பார்கள். இங்கே பக்கத்து அறைக்காரரை நான் கதவு சாத்தும் ஓசையாக மட்டுமே அறிவேன்.

ஒருநாள் மார்டினிக் தீவில், ஃபோர் து ஃபிரான்ஸில் நிறுத்தினார்கள். சந்தைக்குள் நுழைந்ததும் மல்லியும் மஞ்சளும் கடுகும் சேர்த்து அரைத்த மசாலா வாசம் மூக்கில் ஏறியது. பொட்டலம் கட்டி விற்கிறார்கள். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல்தான் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தத் தீவுக்கு முதல் தொகுதி இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்தது. பின்னால் வந்தவர்களில் எத்தனையோ பேர் எங்களுக்கு அடுத்த ஊரான காரைக்காலில் ஏறியவர்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பாய்மரத்தில், மாதக்கணக்கில். தீவின் வடக்கே இன்றும் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். இதையெல்லாம் பேரனிடம் சொல்லத் தொடங்கியபோது, நாலரைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று மாப்பிள்ளையின் கைப்பேசி கூவியது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இறங்கிய தீவில் எங்களுக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் முக்கால் மணி தொப்பி வாங்கப் போயிற்று.

ரஜூலா 1973 வரை ஓடியது. அதற்குப்பின் அந்தத் தடத்தில் வந்த சிதம்பரம் கப்பல், தென்னமெரிக்கப் பயணத்துக்கென்று பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், கப்பல் போக்குவரத்தும் அதோடு நின்றது. சிங்கப்பூர் நாலு மணி நேர விமானப் பயணமாகிவிட்ட பிறகு யார் ஒரு வாரம் வாந்தி எடுப்பார்கள்? உலகம் முழுக்க இதே கதைதான். அட்லாண்டிக்கைக் கடக்க 1962-ல் ஓட ஆரம்பித்த 'பிரான்ஸ்' என்ற மாபெரும் கப்பல்கூட, விமானத்திடம் தோற்று, 1980-லிருந்து 'நார்வே' என்று பெயர் மாற்றிக்கொண்டு மயாமியிலிருந்து கரீபியனைச் சுற்றத் தொடங்கியது. போய்ச் சேர வேண்டிய வேலையை விமானம் பிடுங்கிக்கொண்டதும், கப்பலுக்கு மிச்சமிருந்தது சுற்றுகிற வேலைதான்.

திரும்பி வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். நாகையில் இருக்கிறாள், எண்பதை நெருங்குகிறாள். ரஜூலா மாதிரி வராதுக்கா, அந்த உப்புக் காற்றென்ன, நட்சத்திரத்தைப் பார்த்துப் படுத்ததென்ன என்று நான் உருகிக்கொண்டிருந்தேன்.

"எந்த நட்சத்திரத்தடா பாத்த? பினாங்கு வர்ற வரைக்கும் தலையத் தூக்கல நீ. நாந்தான் டப்பாவ ஏந்திகிட்டு ஒக்காந்திருந்தேன். ஒரு ராத்திரி கண்ண மூடல."

நான் பேசவில்லை.

"அது கெடக்கட்டும். இந்தக் கப்பல்ல ரூம்புக்குள்ளயே கக்கூஸா?"

"ஆமாக்கா."

"காப்பி?"

"எத்தனை தடவை வேணாலும்."

"அப்ப அடுத்த தடவை எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லு. எங்க போனா என்ன, எறங்காமயே இருக்கலாமில்ல?"